காற்றாலை வந்தால் வீட்டு விலை இறங்குமா?

(தென் மாவட்டக் காற்றாலைப் பகுதிக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காற்றாலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்று விளக்கம் சொல்ல நான் இங்கு வரவில்லை. அதை உங்களில் பலர் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருப்பது வேறு கேள்வி. ஊருக்குப் பக்கத்தில் பெரிய காற்றாலைகள் வந்தால் நம் வீட்டின் விலை என்ன ஆகும்? இதுதான் உங்கள் கேள்வி.

இது பணக்காரர்களின் கவலை, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. பணக்காரனுக்குப் பணத்தைப் போட்டு வைக்கப் பத்து இடம் உண்டு. கிராமத்து ஏழைக்கு வீடுதான் பாங்கி. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போகிறது. மகன் படிப்புக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, கிணறு ஆழப்படுத்துவதற்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பத்திரம்தான் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. அந்தப் பத்திரத்தின் மதிப்பு நூற்றுக்கு ஐந்து குறைந்தால், கிடைக்கும் கடனும் அவ்வளவு குறையும். ஆகவே இது நம்முடைய கேள்விதான்.

இரண்டு வதந்திகள்

காற்றாலை வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் ஊரில் இரண்டு வதந்திகள் கிளம்புவது வழக்கம்.

நிலம் வாங்க வரும் தரகர் சொல்வது ஒன்று: "காத்தாடி வந்தால் ஊருக்கு ரோடு வரும், வேலை வரும், உங்கள் வீடும் மனையும் இரண்டு மடங்கு விலை போகும்." எதிர்த்திசையிலிருந்து வருவது மற்றொன்று: "காத்தாடி வந்தால் சத்தத்தில் தூங்க முடியாது, மழை வராது, வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் கிடைக்காது."

இரண்டையும் நம்ப வேண்டியதில்லை. காற்றாலை மழையை விரட்டுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. விலை இரண்டு மடங்காகும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் இந்த விஷயத்தில் உலகத்தின் பல நாடுகளில் லட்சக்கணக்கான வீடுகளின் கிரயக் கணக்கைப் புரட்டிப் பார்த்து ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அந்த ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

விலையை அளப்பது எப்படி?

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். காற்றாலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு குறைந்த விலைக்குப் போனது என்பதால் மட்டும் காற்றாலைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காற்றாலை பொதுவாகவே காட்டுப் பக்கத்தில், புஞ்சை நிலத்தில், காற்று அடிக்கும் வெட்டவெளியில்தான் நிறுத்தப்படுகிறது. அங்கே வீட்டு விலை முன்பே குறைவாக இருந்திருக்கும்.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் இரட்டை ஒப்பீடு செய்கிறார்கள். காற்றாலை வருவதற்கு முன் விலை என்ன, வந்த பின் என்ன என்பது ஒரு ஒப்பீடு. பக்கத்திலுள்ள வீடுகளின் விலை எப்படி மாறியது, அதே வட்டாரத்தில் தள்ளியுள்ள வீடுகளின் விலை எப்படி மாறியது என்பது இரண்டாவது ஒப்பீடு. ஊர் முழுவதும் விலை பத்து சதவிகிதம் ஏறியிருக்கும்போது, காற்றாலைப் பக்கம் ஐந்து சதவிகிதம்தான் ஏறியது என்றால், அந்த வித்தியாசம்தான் காற்றாலையின் கணக்கு. விலை ஏறியதைப் பார்த்து, "பார்த்தாயா, நஷ்டம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் ஏமாந்துவிடக் கூடாது. எதோடு ஒப்பிட்டு ஏறியது என்று கேட்க வேண்டும்.

அமெரிக்கா சொல்லும் பாடம்

அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆராய்ச்சிக்கூடம் 2009ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒன்பது ராஜ்யங்களில், 24 காற்றாலைப் பண்ணைகளைச் சுற்றி விற்ற ஏறத்தாழ 7,500 வீடுகளின் விலையைப் பார்த்தார்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடிய விலை இறக்கம் எதுவும் தென்படவில்லை. 2013ல் அதே ஆராய்ச்சிக்கூடம் 67 பண்ணைகளைச் சுற்றி 50,000க்கு மேற்பட்ட கிரயங்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தது. முடிவு அதேதான். காற்றாலைக் கம்பெனிகள் இன்றுவரை தூக்கிக் காட்டுவது இந்த இரண்டு ஆய்வுகளைத்தான்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2024ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன.

ஒன்று, 1997 முதல் 2020 வரை அமெரிக்கா முழுவதும் நடந்த 30 கோடிக்கு மேற்பட்ட வீட்டுக் கிரயங்களை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்து பார்த்தால் காற்றாலை கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா என்று நிலத்தின் மேடு பள்ளத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள். 10 கிலோமீட்டருக்குள் ஒரு காற்றாலையாவது கண்ணில் படும் வீடுகளின் விலை சராசரியாக 1 சதவிகிதம் குறைந்தது. மிக அருகில், இரண்டு கிலோமீட்டர் அளவில், இறக்கம் 8 சதவிகிதம் வரை போனது. ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல இந்த இறக்கம் தேய்ந்துகொண்டே வந்தது. பிற்காலத்தில் நிறுவிய காற்றாலைகளுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்ற அளவுக்கு வந்துவிட்டது.

மற்றொன்றுதான் நமக்கு இன்னும் முக்கியமானது. 34 ராஜ்யங்களில், 2005 முதல் 2020 வரை, ஏறத்தாழ 5 லட்சம் கிரயங்களைப் பார்த்த ஆய்வு இது. காற்றாலை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தவுடனேயே, ஒரு மைல் தூரத்துக்குள் இருக்கும் வீடுகளின் விலை, மூன்று முதல் ஐந்து மைல் தள்ளியிருக்கும் வீடுகளோடு ஒப்பிட, சராசரி 11 சதவிகிதம் இறங்கியது. கவனியுங்கள், காற்றாலை இன்னும் நிற்கவில்லை. அஸ்திவாரக் குழி கூடத் தோண்டவில்லை. பயத்திலேயே விலை இறங்கியது. பிறகு காற்றாலை ஓடத் தொடங்கி மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் விலை பழைய நிலைக்குத் திரும்பியது.

அதைவிடப் பெரிய விஷயம், இந்த இறக்கம் எல்லா இடத்திலும் இல்லை. மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கு மேலுள்ள ஜில்லாக்களில்தான் அது தென்பட்டது. அதற்குக் குறைந்த கிராமப்புற ஜில்லாக்களில் நிச்சயமான இறக்கம் காணப்படவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? நகரத்தை ஒட்டிய கிராமத்தில் வீடு வாங்குகிறவன் எதற்காக அங்கே வாங்குகிறான்? பச்சை வயல், அமைதி, நல்ல காட்சி. அவன் விலை கொடுப்பதே ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சிக்குத்தான். அந்தக் காட்சியில் ஒரு ராட்சதக் கோபுரம் வந்து நின்றால், அவன் பேரம் பேசுவான். அயோவாவிலும் மேற்கு டெக்ஸாஸிலும் மக்காச்சோளமும் பஞ்சும் விளைவிக்கிற விவசாயி வீட்டை வாங்குவது காட்சிக்காக அல்ல, பிழைப்புக்காக. நிலத்தில் காற்றாலை நின்றால் வருஷத்துக்கு ஒரு காற்றாலைக்குப் பல ஆயிரம் டாலர் வாடகை வருகிறது. நிலம் அவனுடையதாகவே இருக்கிறது. கோபுரத்தின் அடிவரை உழுது பயிர் செய்கிறான். காற்றாலை கட்டும் சொத்து வரியில் ஊர்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. மழை தவறினாலும் வாடகை தவறாது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டு விலை ஏன் இறங்கப்போகிறது?

ஆகவே காற்றாலை என்றால் நஷ்டம் என்றும் இல்லை, லாபம் என்றும் இல்லை. காற்றாலையின் வருமானத்தில் ஊருக்குப் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தும் ஹாலந்தும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000 முதல் 2011 வரை விற்ற பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளை லண்டன் பொருளாதாரக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ஸ்டீபன் கிப்பன்ஸ் ஆராய்ந்தார். காற்றாலைப் பண்ணை கண்ணுக்குத் தெரியும் வீடுகளில், 2 கிலோமீட்டருக்குள் விலை 5 முதல் 6 சதவிகிதம் குறைந்தது. 2 முதல் 4 கிலோமீட்டர் தூரத்தில் 2 சதவிகிதத்துக்கும் குறைவு. 20 காற்றாலைக்கு மேற்பட்ட பெரிய பண்ணையானால் 2 கிலோமீட்டருக்குள் 12 சதவிகிதம் வரை போனது. அதே தூரத்தில் இருந்தும், நடுவே ஒரு மேடு மறைத்துக்கொண்ட வீடுகளில் இந்த இறக்கம் இல்லை.

இங்கிலாந்துக்காரன் அமெரிக்காக்காரனை விட அதிகம் பயப்படுகிறவனா? அல்ல. இங்கிலாந்து நெருக்கமான நாடு. அங்கே கிராமத்து வீடுகள் பலவற்றைப் பட்டணத்தில் சம்பாதித்தவர்கள் வாங்குகிறார்கள். காற்றாலை நிற்கும் நிலம் ஒரு பெரிய நிலச்சொந்தக்காரருடையதாக இருக்கும். வாடகை அவருக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது காட்சி மட்டும்தான்.

ஹாலந்து தேசத்தில் நடந்த ஆய்வு நமக்கு வேறொரு பாடம் சொல்கிறது. டிரோஸ், கோஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1985 முதல் 2011 வரை நடந்த கிரயங்களைப் பார்த்து, 2 கிலோமீட்டருக்குள் சராசரி இறக்கம் 1.4 சதவிகிதம்தான் என்று 2016ல் எழுதினார்கள். 2021ல் காற்றாலையின் உயரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். 50 மீட்டருக்குக் குறைந்த சிறிய காற்றாலைகளால் அதிகபட்சம் 2 சதவிகிதம். 150 மீட்டருக்கு மேற்பட்ட உயரமான காற்றாலைகளால் 2 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 5 சதவிகிதம். உயரம் கூடினால் இறக்கமும் கூடுகிறது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் விவகாரத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

கண்ணா, காதா?

விலை இறங்குவது கண்ணில் படுவதாலா, காதில் விழுவதாலா? டென்மார்க்கில் இதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து 2014ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பார்வையில் படுவதால் 3 சதவிகிதம் வரை இறங்குகிறது. சத்தத்தால் 3 முதல் 7 சதவிகிதம் இறங்குகிறது. ஆகவே கண்ணை விடக் காதுதான் பெரியது.

இன்னொன்று நிழல். சூரியன் தாழ்வாக இருக்கும் காலை நேரத்திலும் மாலை நேரத்திலும், சுற்றும் இறக்கையின் நிழல் வீட்டுச் சுவர் மேலும் ஜன்னல் வழியாகவும் விட்டு விட்டு விழும். விளக்கை அணைத்து ஏற்றுவது போல இருக்கும். ஜெர்மனியில் ஒரு வீட்டின் மேல் இந்த நிழல் வருஷத்துக்கு 30 மணி நேரத்துக்கும், நாளைக்கு 30 நிமிஷத்துக்கும் மேல் விழக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு தாண்டினால் காற்றாலையை அந்த நேரத்துக்கு நிறுத்த வேண்டும்.

சத்தமும் நிழலும் தூரத்தால் குறைபவை. எங்கே நிறுத்துவது என்று திட்டமிடும்போதே இவற்றைத் தவிர்த்துவிடலாம். காற்றாலை நின்ற பின் புலம்புவதால் பிரயோஜனமில்லை.

லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உதாரணத்துக்கு, ஒரு காற்றாலையைச் சுற்றி 40 வீடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 8 லட்சம் ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 கோடியே 20 லட்சம். விலை 5 சதவிகிதம் இறங்குகிறது என்றால் நஷ்டம் 16 லட்சம். பல கோடி ரூபாய் முதல் போட்டு நிறுத்துகிற ஒரு காற்றாலையின் கணக்கில் 16 லட்சம் எவ்வளவு? சில்லறை. ஆனால் வீட்டுக்கு 40,000 ரூபாய் என்று பிரித்துப் பாருங்கள். விவசாயத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது பல மாதச் சம்பாத்தியம்.

கொடுக்க முடிந்தவனுக்கு இது பெரிதல்ல. இழக்கிறவனுக்கு இது பெரிது. இருந்தும் கணக்கில் ஏறாமல் போவது எது? இழக்கிறவனின் கணக்குத்தான்.

மற்ற எல்லோருடைய கணக்கும் ஏறியிருக்கிறது. காற்றாலையில் முதல் போடுகிறவர்களுக்கு 1990ஆம் ஆண்டுகளில் முதலீடு முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளச் சலுகை இருந்தது. அது பின்னர் 80 சதவிகிதமாகி, 2017 முதல் 40 சதவிகிதமாகியது. வருமான வரியை மிச்சப்படுத்த ஆலை முதலாளிகள் பலர் காற்றாலை முதலாளிகளானார்கள். சலுகை கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. புதிய தொழில் வளர அது உதவியது. நான் கேட்பது இதுதான்: ஆலை முதலாளியின் வரியைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த சர்க்காருக்கு, காற்றாலைக்குக் கீழே குடியிருப்பவனின் வீட்டைக் கணக்குப் பார்க்கத் தெரியாதா?

டென்மார்க் சட்டம்

தெரியும். செய்த நாடுகள் இருக்கின்றன.

டென்மார்க் பாராளுமன்றம் 2008ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காற்றாலையால் ஒரு வீட்டின் மதிப்பு 1 சதவிகிதத்துக்கு மேல் குறையுமானால், காற்றாலை கட்டுகிறவர் அந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும். எவ்வளவு நஷ்டம் என்று மதிப்பிடுவது கம்பெனி அல்ல, அதற்கென்று அமைத்த மதிப்பீட்டு அமைப்பு. காற்றாலையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் வீடு இருந்தால், விண்ணப்பம் கொடுக்க ஒரு காசு செலவில்லை. காற்றாலைக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே, உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரமாவது இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. காற்றாலையின் பங்குகளில் 20 சதவிகிதத்தைச் சுற்றுவட்டார மக்கள் வாங்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் பங்கு வாங்கக் கையில் காசு வேண்டுமல்லவா? 2020ல் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, அருகிலுள்ள வீட்டாருக்கு வருஷந்தோறும் ஒரு தொகை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். மிக அருகில் இருப்பவர், "எனக்கு இந்த இடம் வேண்டாம், வீட்டை நீயே வாங்கிக்கொள்" என்று காற்றாலை கட்டுகிறவரிடம் சொல்லும் உரிமையும் வந்தது.

ஜெர்மனியில் வேறொரு வழி. காற்றாலையைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டருக்குள் உள்ள உள்ளூராட்சிகளுக்கு, ஒரு யூனிட்டுக்கு 0.2 யூரோ சென்ட் வரை கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நம் பணத்தில் சில பைசாக்கள்தான். ஆனால் லட்சக்கணக்கான யூனிட்டுக்கு அது ஊர்ப் பள்ளிக்கும் ரோட்டுக்கும் போதுமான தொகை.

இவை யாரும் கேட்காமல் கிடைத்தவை அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டங்களை எதிர்த்து நின்றார்கள். ஊர் ஒத்துக்கொள்ளாமல் காற்றாலையை நிறுத்த முடியாது என்று அனுபவம் கற்பித்த பிறகுதான் இந்தச் சட்டங்கள் வந்தன.

நம் ஊர் நிலைமை

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று நம் பக்கம் பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்ன காற்று இதுதான். 1986ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று நின்றது. பிறகு முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலை என்று பரவியது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். நிலக்கரி எரிக்காமல், புகை கக்காமல் வரும் இந்த மின்சாரம் நாட்டுக்குத் தேவை. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் நம் ஊர் நிலைமை அமெரிக்க விவசாயியின் நிலைமை அல்ல. மூன்று வித்தியாசங்கள் உண்டு.

முதலாவது: அங்கே நிலத்துக்கு வாடகை. இங்கே பெரும்பாலும் கிரயம். ஒரு முறை பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மானாவாரிப் புஞ்சைக்குத் தரகர் சொல்லும் விலை அன்றைக்குப் பெரிதாகத் தெரியும். காற்றாலை இருபது இருபத்தைந்து வருஷம் சுழலும். அந்த வருமானத்தில் நிலம் கொடுத்தவனுக்கு ஒரு பைசா பங்கில்லை. பயிர் செய்ய நிலமும் இல்லை. அமெரிக்கக் கிராமத்தில் வீட்டு விலையைத் தாங்கிப் பிடித்தது எதுவோ, அந்த வருஷாந்தர வருமானம், இங்கே ஊருக்குள் வருவதே இல்லை. ஆகவே, "அமெரிக்கக் கிராமங்களில் விலை இறங்கவில்லை, இங்கும் இறங்காது" என்று கம்பெனிக்காரர் சொன்னால், "அங்கே கொடுத்த வாடகையை இங்கேயும் கொடுங்கள்" என்று நாம் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: உயரம். முன்பு நம் பக்கம் நின்ற 55 கிலோவாட், 250 கிலோவாட் காற்றாலைகள் சிறியவை. இன்று நிறுத்துபவற்றில் கோபுரம் மட்டுமே 120, 140 மீட்டர். இறக்கை நுனி 200 மீட்டர் வரை எட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அதைப் போல மூன்று கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இந்த உயரத்துக்குக் காணாது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும், கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தவும் தமிழக சர்க்கார் 2024ல் கொள்கை வகுத்திருக்கிறது. மின்சாரம் அதிகம் கிடைக்கும், கோபுரங்களின் எண்ணிக்கை குறையும், நல்லதுதான். ஆனால், "முப்பது வருஷமாக இங்கே காற்றாலை இருக்கிறதே, புதிதாக என்ன?" என்று சொல்லித் தப்பிக்க விடக் கூடாது. ஹாலந்து ஆய்வை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சின்னது வேறு, பெரியது வேறு.

தூரத்தின் விதி என்ன? மத்திய சர்க்காரின் வழிகாட்டு விதிகளின்படி, 15 கட்டடங்களுக்கு மேலுள்ள குடியிருப்பிலிருந்து காற்றாலை 500 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். டென்மார்க்கின் நான்கு மடங்கு விதிப்படி பார்த்தால், 200 மீட்டர் காற்றாலைக்கு 800 மீட்டர் வேண்டும். அது போகட்டும். தனியாக இருக்கும் தோட்டத்து வீடு, பத்து வீடுள்ள சிறு குடியிருப்பு, இவற்றுக்கு அந்த 500 மீட்டரும் இல்லை. கோபுர உயரம், சுழலும் வட்டத்தின் விட்டத்தில் பாதி, அத்துடன் 5 மீட்டர், அவ்வளவுதான் கட்டடங்களுக்கு வைத்த இடைவெளி. 120 மீட்டர் கோபுரமும் 140 மீட்டர் விட்டமும் என்றால், 120, 70, 5, ஆக 195 மீட்டர். கோபுரம் சாய்ந்தால் வீட்டின் மேல் விழாமல் இருக்க அது போதும். இரவில் தூங்குவதற்குப் போதுமா?

மூன்றாவது: பட்டா. நஷ்டஈடு என்று ஒரு சட்டம் நாளைக்கே வந்தாலும் அதிகாரி முதலில் கேட்பது பத்திரம் எங்கே என்பதுதான். நம் கிராமங்களில் நிலமற்றவர்கள் பலர் குடியிருப்பது புறம்போக்கிலும், பட்டா பெயர் மாறாத நத்தத்திலும். காகிதத்தில் இல்லாத வீட்டுக்குக் காகிதத்தில் விலையும் இல்லை, நஷ்டமும் இல்லை. பத்திரம் இருப்பவர்களுக்கும், எழுதின விலை வேறு, கைமாறின விலை வேறு என்ற பழக்கத்தால், நஷ்டத்தை நிரூபிப்பது கஷ்டம்.

இன்னும் ஒன்று. சதவிகிதக் கணக்கில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. 50 லட்சம் ரூபாய் மாடி வீட்டுக்கு 5 சதவிகிதம் என்றால் இரண்டரை லட்சம். 2 லட்சம் ரூபாய் ஓட்டு வீட்டுக்கு 10,000. ஆனால் இரவுச் சத்தம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். மாடி வீட்டுக்காரர் ஜன்னலை அடைத்துக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொள்வார். ஓட்டு வீட்டுக்காரர் சித்திரை மாதத்தில் திண்ணையில்தான் படுக்க வேண்டும். ஆகவே விலை நஷ்டத்துக்கு ஈடு கேட்பதோடு நின்றால் ஏழைக்குக் கிடைப்பது சொற்பம். வீட்டுக்கு வீடு சமமான வருஷாந்தரத் தொகையும் கேட்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

ஒன்று: திட்டத்தின் வரைபடத்தைக் கிராமசபையில் வைக்க வேண்டும். எந்தச் சர்வே நம்பரில் எவ்வளவு உயரக் காற்றாலை, பக்கத்து வீடு எத்தனை மீட்டர், ஓடையும் வண்டிப்பாதையும் எங்கே போகின்றன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: நிலத்தைக் கிரயம் செய்யாமல் குத்தகைக்குக் கொடுக்கும் முறை வேண்டும். குத்தகைத் தொகை ஆண்டுதோறும் உயர வேண்டும். காலம் முடிந்ததும் கோபுரத்தைக் கழற்றி, அஸ்திவாரத்தைத் தோண்டியெடுத்து, நிலத்தை உழும் நிலையில் திருப்பித் தரும் பொறுப்பு கம்பெனியுடையது என்று எழுத வேண்டும்.

மூன்று: தனி வீடானாலும், பத்து வீடானாலும், பெரிய ஊரானாலும் ஒரே இடைவெளி விதி வேண்டும். காற்றாலையின் உயரத்தைக் கொண்டு அந்தத் தூரத்தை நிர்ணயிக்க வேண்டும்.

நான்கு: வேலை தொடங்குமுன் சுற்றிலுமுள்ள எல்லா வீடுகளையும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், சர்க்கார் மதிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். சத்தத்தையும் அப்போதே ஒரு முறை அளந்து வைக்க வேண்டும். முன்னால் அளந்தால்தான் பின்னால் பேச முடியும். குடியிருப்பவர்களுக்குப் பட்டா வழங்குவதும் இத்துடன் சேர்ந்த கோரிக்கை.

ஐந்து: விலை நஷ்டத்துக்கு ஈடு, வீட்டுக்கு வீடு சமமான வருஷாந்தரத் தொகை, ஒவ்வொரு யூனிட்டிலும் ஊராட்சிக்கு ஒரு பங்கு, இம்மூன்றையும் சட்டமாக்க வேண்டும்.

இவற்றோடு உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை. அறிவிப்பு வந்ததும் பயந்துபோய் வீட்டை விற்காதீர்கள். பயந்து விற்கிற நேரத்தில்தான் விலை அடிமட்டத்தில் இருக்கும் என்பதை அமெரிக்கக் கணக்கே காட்டுகிறது. இன்று மலிவாக வாங்குகிறவன் ஐந்து வருஷம் கழித்து லாபத்துக்கு விற்பான். அந்த லாபம் உங்கள் பயத்தின் விலை. அதேபோல், விலை இரண்டு மடங்காகும் என்று நம்பிக் கடன் வாங்கி வீட்டைப் பெரிதாக்கவும் வேண்டாம்.

தோழர்களே! ஹாலந்தில் வசிப்பவனுக்கும் அமெரிக்காவில் வசிப்பவனுக்கும் அவனவன் வீட்டின் கணக்கை எடுத்துச் சொல்ல ஆராய்ச்சிகள் வந்தன, டென்மார்க்கில் சட்டமும் வந்தது. நம் கணக்கை நாம்தான் எழுதத் தொடங்க வேண்டும். இந்தக் கூட்டம் முடிந்ததும் நான்கு இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு புறப்படட்டும். எந்தக் காற்றாலைக்கு எந்த வீடு எத்தனை மீட்டர், யாரிடம் பட்டா இருக்கிறது, யாரிடம் இல்லை என்று வீடு வீடாக எழுதட்டும். அடுத்த கிராமசபையில் அந்த நோட்டுப் புத்தகத்தை மேஜை மேல் வையுங்கள்.

காற்று எல்லோருக்கும் பொது. அதிலிருந்து எடுக்கும் மின்சாரத்தின் லாபத்தில், அந்தக் காற்றடிக்கும் ஊருக்கும் பங்கு உண்டு. அதைத் தயவாக அல்ல, உரிமையாகக் கேளுங்கள். ஒரு வீடாகக் கேட்காதீர்கள். ஊராகக் கேளுங்கள்.